பூங்கா நடைபாதையில் சிற்பம் வைக்க: இடம் பார்ப்பது முதல் பராமரிப்பு வரை

குடியிருப்போர் நலச் சங்கமோ, அரிமா சங்கமோ, நன்கொடை தர முன்வந்த ஒரு கம்பெனியோ, பேட்டைப் பூங்காவின் நடைபாதை ஓரத்தில் நாலு சிற்பம் வைக்கலாம் என்று முடிவு செய்தால் முதல் வேலையாகச் சிற்பியைத் தேடிப் போவார்கள். சிக்கல் அங்கேதான் தொடங்குகிறது. வேலை பாதி முடிந்த பிறகு இடம் மாறும். இடம் மாறினால் அளவு மாறும், அஸ்திவாரம் மாறும், எஸ்டிமேட்டும் மாறும். சிற்பியைத் தேடுவது இந்த வரிசையில் ஐந்தாவதாகத்தான் வருகிறது. கீழே இருப்பது சென்னை மாநகராட்சிப் பூங்காவை மனதில் வைத்து எழுதியது. மற்ற மாநகராட்சிகளிலும் நகராட்சிகளிலும் பதவிப் பெயர்கள் கொஞ்சம் மாறும், நடைமுறை ஏறக்குறைய இதேதான்.

1. பூங்கா யாருடையது என்று எழுத்தில் வாங்குங்கள்

வாசலில் மாநகராட்சி போர்டு இருப்பதால் நிலம் மாநகராட்சியுடையது என்று ஆகிவிடாது. வீட்டு வசதி வாரியத்தின் நிலமாக இருக்கலாம். மனைப்பிரிவு போட்டபோது திறந்தவெளி ஒதுக்கீடாகக் காட்டிவிட்டு, தானப்பத்திரம் இன்னும் முழுதாக முடியாத நிலமாகவும் இருக்கலாம். செம்மொழிப் பூங்கா மாதிரி சில பூங்காக்கள் தோட்டக்கலைத் துறையிடம் இருக்கின்றன. பராமரிப்பை ஒப்பந்தத்துக்கு எடுத்தவர், 'தத்து' எடுத்த நிறுவனம், இவர்கள் யாருக்கும் அனுமதி தரும் உரிமை கிடையாது. அவர்கள் "தாராளமா வைங்க சார்" என்று சொன்னதை நம்பிக் குழி தோண்டாதீர்கள்.

வார்டு உதவிப் பொறியாளரிடம் பூங்காவின் பதிவேட்டுப் பெயர், பரப்பு, சர்வே எண் மூன்றையும் கேட்டு வாங்குங்கள். வாய்மொழியாகக் கிடைக்காவிட்டால் தகவல் உரிமைச் சட்டத்தில் 10 ரூபாய் கட்டணத்துடன் ஒரு மனு போடலாம். பதில் தர அவர்களுக்கு 30 நாள் அவகாசம் உண்டு என்பதால், மற்ற வேலைகளைத் தொடங்கும் முன்பே இதைப் போட்டுவிடுவது நல்லது. தமிழ்நாட்டில் பூங்காக்களுக்கும் விளையாட்டுத் திடல்களுக்கும் 1959-லேயே தனிச் சட்டம் இருக்கிறது. பூங்கா நிலத்தை வேறு பயனுக்கு மாற்றுவதை அது தடுக்கிறது. சிற்பம் வைப்பது அதற்குள் வராதுதான். மேடை, மண்டபம், கூரை என்று வரைபடத்தில் சேர்ந்துவிட்டால் யாராவது அந்தக் கேள்வியை எழுப்பலாம். கூரை வேண்டவே வேண்டாம்.

2. மூன்று நேரங்களில் நடந்து பாருங்கள்

காலை ஆறு மணிக்கு ஒருமுறை, மாலை ஆறரைக்கு ஒருமுறை, நல்ல மழை பெய்த மறுநாள் ஒருமுறை. காலையில் கூட்டம் எங்கே நெருக்குகிறது என்று தெரியும். மாலையில் விளக்கு எங்கே எட்டவில்லை என்று தெரியும். மழைக்கு மறுநாள்தான் தண்ணீர் எங்கே தேங்குகிறது என்பது தெரியும். இந்த மூன்றாவது நடைக்காக மழைவரை காத்திருக்க வேண்டி வந்தாலும் காத்திருங்கள்.

ஒவ்வோர் இடத்திலும் பார்க்க வேண்டியவை:

- சிற்பத்தின் எந்தப் பகுதியும் பாதைக்குள் நீட்டக் கூடாது. சக்கர நாற்காலியும் எதிரே வருபவரும் ஒதுங்கிப் போக, வைத்த பிறகும் பாதையில் 1.8 மீட்டர் மிஞ்ச வேண்டும்.
- தலைக்கு மேலே நீட்டும் பாகம் என்றால் தரையிலிருந்து குறைந்தது 2.1 மீட்டர் உயரம். இடுப்பு உயரத்தில் நீட்டிக்கொண்டு கீழே காலியாக இருக்கும் வடிவம், பார்வையற்றவரின் கைத்தடிக்குத் தட்டுப்படாது. அவர் நேராகப் போய் மோதிக்கொள்வார்.
- மரத்தின் இலைக்குடை எவ்வளவு தூரம் விரிந்திருக்கிறதோ, அந்த வட்டத்துக்குள் அஸ்திவாரம் வேண்டாம். வேரை வெட்டினால் அடுத்த புயலில் அந்த மரம் சாயும், சிற்பத்தின் மேலேயேகூட விழலாம். தூங்குமூஞ்சி மரத்தடியை மட்டும் விட்டே விடுங்கள்: பறவை எச்சம், பிசின், பூ, காய் எல்லாம் கொட்டும்.
- தரைக்குக் கீழே விளக்குக் கேபிள், தெளிப்பான் குழாய், மழைநீர் சேகரிப்புக் கிணறு எங்கே போகின்றன? இதற்கு வரைபடம் பெரும்பாலும் கிடைக்காது. தோட்டக்காரரைக் கேளுங்கள். குழாய் எங்கே உடைந்தது, எங்கே ஒட்டுப் போட்டது என்பதெல்லாம் அவருக்குத்தான் அத்துப்படி.

இடங்களைக் குச்சி நட்டு, படம் எடுத்து, எண் கொடுத்துக் குறித்து வையுங்கள். நாலு சிற்பம் வைக்க ஆறு இடம் குறியுங்கள். அவற்றில் இரண்டு இடம், அதிகாரிகள் மட்டத்தில் அடிபடும்.

3. எதை வைக்க முடியாது

தலைவர்கள் சிலை வேண்டாம். பொதுச் சாலை, நடைபாதை, பொதுப் பயன்பாட்டு இடங்களில் சிலை வைக்க அனுமதி தரக் கூடாது என்று உச்ச நீதிமன்றம் 2013 ஜனவரியில் இடைக்கால உத்தரவு போட்டது. அதற்குப் பிறகு 'சிலை' என்ற சொல் கோப்பில் வந்தாலே அது அரசு மட்டம்வரை போய் உட்கார்ந்துவிடும். மனுவில் 'கலைப்படைப்பு', 'சிற்பம்' என்றே எழுதுங்கள். அதே சமயம் சொல்லை மாற்றிவிட்டு உள்ளே ஆளின் உருவத்தை வைக்கும் வேலை வேண்டாம், அது கண்டிப்பாகப் பிடிபடும். கடவுள் உருவமும் கூடாது. முதல் வாரத்திலேயே மாலை விழும், அடுத்து உண்டியல் வரும்.

இன்னொன்றை யாரும் முன்கூட்டி யோசிப்பதில்லை: தண்ணீர் தேங்கும் வடிவம். குழிந்த உள்ளங்கை, தாமரை, கிண்ணம், திறந்த வாய், எல்லாமே கொசுவுக்குத் தொட்டில். டெங்குவைப் பரப்பும் ஏடிஸ் கொசு ஒரு வாரம் தேங்கிய நல்ல தண்ணீரில் முட்டையிலிருந்து கொசுவாகிவிடும். சுகாதாரப் பிரிவு ஆய்வாளர் வந்து பார்த்தால் உங்கள் சிற்பத்துக்குத்தான் நோட்டீஸ். குழிவு உள்ள வடிவம்தான் வேண்டும் என்றால் அதன் மிகத் தாழ்ந்த புள்ளியில் 12 மி.மீ. துளை போட்டு வெளியே வடியவிட வேண்டும். அதைவிடச் சிறிய துளையை ஓர் இலைத்தண்டே அடைத்துவிடும்.

குழந்தைகள் ஏறுவார்கள் என்றே வைத்துக்கொள்ளுங்கள். 'ஏறாதீர்கள்' போர்டு வேலைக்கு ஆகாது. 9 செ.மீ.-க்கும் 23 செ.மீ.-க்கும் இடைப்பட்ட இடுக்கு எங்கேயும் இருக்கக் கூடாது. உடல் நுழைந்து தலை சிக்கிக்கொள்ளும் அளவு அதுதான். தகட்டு ஓரங்களை உருட்டி மழுக்கியிருக்க வேண்டும்.

4. பணம்

பணம் வரும் வழி மூன்று. ஒன்று, சங்க உறுப்பினர்களின் நன்கொடை. இரண்டு, கம்பெனிகளின் சமூகப் பொறுப்பு நிதி, அதாவது சி.எஸ்.ஆர். இதில் ஒரு பொறி இருக்கிறது: பணத்தை வாங்கி வேலை செய்யும் அமைப்புக்கு வருமான வரிச் சட்டத்தின் 12ஏ, 80ஜி பதிவும், மூன்று வருட அனுபவமும், சி.எஸ்.ஆர்.-1 படிவப் பதிவு எண்ணும் இருக்க வேண்டும். பெரும்பாலான குடியிருப்போர் சங்கங்களிடம் இவை கிடையாது. ஏற்கெனவே பதிவு உள்ள ஓர் அறக்கட்டளை மூலமாகப் போவதுதான் நடைமுறைக்கு ஒத்து வரும்.

மூன்றாவது, அரசின் நமக்கு நாமே திட்டம். மக்கள் பங்கு மூன்றில் ஒன்று, மீதி அரசுப் பணம் என்பது அதன் அடிப்படை. அரசுப் பணம் கலந்துவிட்டால் 1998-ஆம் ஆண்டு ஒப்பந்தப்புள்ளிச் சட்டமும் கூடவே வந்துவிடும். டெண்டரில் குறைந்த விலை சொன்னவருக்கு வேலை. அவர் பேவர் பிளாக் போடும் ஒப்பந்ததாரராக இருப்பார், சிற்பத்தை எங்கோ ஓர் அச்சில் வார்த்து வாங்கி வந்து நட்டுவிடுவார். பொதுப்பணித் துறையின் விலைப்பட்டியலில் தரை, சுவர், விளக்கு எல்லாவற்றுக்கும் விலை உண்டு. கலைக்கு அப்படி ஒரு வரி எழுத முடியாது. அதனால் அரசுப் பங்கை அஸ்திவாரம், பாதை, விளக்கு ஆகியவற்றுக்கும், மக்கள் பங்கைச் சிற்பத்துக்கும் தனித்தனி மதிப்பீடாகப் பிரித்துப் போடச் சொல்லிக் கேளுங்கள். விண்ணப்பிக்கும் முன் நடப்பு அரசாணையின் நகலை வாங்கி முழுதாகப் படித்துவிடுங்கள்.

கையில் 10 லட்சம் இருந்தால் அதை இப்படிப் பிரிப்பது எங்கள் பரிந்துரை: கலைஞர் ஊதியமும் செய்கூலியும் பொருளும் சேர்த்து 6 லட்சம். அஸ்திவாரம், லாரி, கிரேன், நிறுவுதல் 1.5 லட்சம். மாதிரி செய்யும் மூன்று கலைஞர்களுக்கான கட்டணமும் கட்டமைப்புப் பொறியாளர் கட்டணமும் சேர்த்து 60,000. விவரப் பலகை, விளக்கு 40,000. எதிர்பாராச் செலவு 80,000. மீதி 70,000 ரூபாயை வங்கியில் வைப்பாகப் போட்டு, பராமரிப்புக்கென்று மட்டும் தொடுங்கள். இந்தக் கடைசித் தொகையைத்தான் எல்லோரும் முதலில் வெட்டுவார்கள். வெட்டவிடாதீர்கள்.

ஜி.எஸ்.டி. பற்றி ஒரு வரி: பதிவு எண் இல்லாத சிற்பி பில்லில் ஜி.எஸ்.டி. என்று தனியாகப் போட்டு வாங்க முடியாது. பதிவு உள்ளவர் என்றால் அவர் சொன்ன தொகை வரி உள்பட்டதா, தனியா என்று விலைப்புள்ளியிலேயே எழுதி வாங்குங்கள். டி.டி.எஸ். (பணம் கொடுக்கும்போதே பிடிக்கும் வருமான வரி) பிடிக்க வேண்டுமா என்பதை ஆடிட்டரிடம் முதல் முன்பணத்துக்கு முன்னால் கேளுங்கள்.

5. கலைஞரைத் தேடுதல்

ஒரு பக்கத்தில் தேவைக் குறிப்பு எழுதுங்கள். இடங்களின் படம், அதிகபட்ச அளவு, மொத்தத் தொகை, முடிக்க வேண்டிய மாதம், மூன்றாம் பிரிவில் சொன்ன தடைகள், அவ்வளவு போதும். 'இயற்கையும் மனிதனும்' மாதிரி தலைப்புக் கொடுக்காதீர்கள். கொடுத்தால் கையில் மரக்கன்று ஏந்திய உருவம்தான் வரும். அந்தப் பேட்டையில் முன்பு என்ன இருந்தது என்று சொல்லுங்கள். நெசவா, ஏரியா, செங்கல் சூளையா, தோப்பா? அது கலைஞருக்குப் பிடிமானம் கொடுக்கும்.

குறிப்பை அனுப்ப வேண்டிய இடங்கள்: சென்னையிலும் கும்பகோணத்திலும் உள்ள அரசு கவின்கலைக் கல்லூரிகள், மாமல்லபுரம் அரசு கட்டிடக்கலை மற்றும் சிற்பக்கலைக் கல்லூரி, சென்னை கிரீம்ஸ் சாலையில் உள்ள லலித் கலா அகாதெமி மண்டல மையம், ஈஞ்சம்பாக்கத்தின் சோழமண்டலம் ஓவியர் கிராமம். மாமல்லபுரம் பட்டறைகளுக்கு நேரில் போனால் கல்லையும் பார்க்கலாம், ஆளையும் பார்க்கலாம். அங்கே கோயில் வேலை செய்யும் ஸ்தபதிகளிடம் நவீன வடிவம் கேட்பதாக இருந்தால் வரைபடம் வேறொருவர் தர வேண்டியிருக்கும். அப்போது வடிவமைத்தவர், செதுக்கியவர் இருவர் பெயரும் ஒப்பந்தத்தில் வர வேண்டும்.

வந்தவற்றில் மூன்று பேரைத் தேர்ந்து, ஆளுக்கு 10,000 ரூபாயாவது கொடுத்து, பத்தில் ஒரு பங்கு அளவில் மாதிரி செய்யச் சொல்லுங்கள். காசு கொடுக்காமல் மாதிரி கேட்டால் கணினியில் வரைந்த படம்தான் வரும். படத்தில் முதுகுப்பக்கம் தெரியாது. நடைபாதைச் சிற்பத்தை ஆட்கள் நாலு பக்கமும் பார்த்துக்கொண்டு போவார்கள்.

தேர்வுக் குழு ஐந்து பேர் போதும்: சங்கத்தில் இருவர், வெளியிலிருந்து ஒரு கலைஞர், ஒரு கட்டமைப்புப் பொறியாளர், தினமும் நடக்கும் ஒருவர். நன்கொடையாளரைக் குழுவில் சேர்க்காதீர்கள்.

6. பொருள்

கருங்கல்: வெயில், மழை, கை படுதல் எதற்கும் அசையாது, திருட்டுப் போகாது. விலையும் எடையும்தான் தடை. ஆழ்துளைக் கிணற்று உப்புத் தண்ணீர் தெளிப்பான் தினமும் படும் இடமானால் ஆறு மாதத்தில் கல்லின் மேல் வெள்ளைப் படலம் கட்டும். தெளிப்பானின் திசையை மாற்றுங்கள்.

இரும்பும் எஃகும்: கடற்கரையை ஒட்டிய பூங்காவானால் எஸ்.எஸ். (துருப்பிடிக்காத எஃகு) 304 ரகம் போதாது, பழுப்புப் புள்ளி விழும், 316 ரகம் கேளுங்கள். துருவையே நிறமாகக் கொண்ட கார்ட்டன் எஃகு படத்தில் அழகாகத்தான் இருக்கும். உப்புக் காற்றில் அந்தத் துரு நிலைக்காது, அரித்துக்கொண்டே போகும். மழையில் வழிந்து கீழே உள்ள தரையையும் காவியாக்கும். வெண்கலம், பித்தளை, செம்பு எல்லாம் காவலாளி இரவும் இருக்கும் பூங்காவுக்கு மட்டும்.

ஃபைபர்: மலிவு, லேசு, சீக்கிரம் முடியும். நம் வெயிலில் சில வருடங்களில் மேல்பூச்சு வெளுத்து மாவாக உதிரும். விரல், காது, வால் எல்லாம் முதலில் உடையும். குழந்தைகள் தொடாத உயரத்தில் என்றால் யோசிக்கலாம்.

சுவர் ஓவியம்: பூங்காவின் சுற்றுச்சுவர் நடைபாதையை ஒட்டி ஓடினால் குறைந்த செலவில் நிறைய இடத்தை நிரப்ப இதுவே வழி. கண்ணகி நகரின் குடியிருப்புச் சுவர்களில் 2020-இல் வரைந்த பெரிய ஓவியங்களைப் போய்ப் பார்த்துவிட்டு வாருங்கள். புதுப் பூச்சுச் சுவரானால் 28 நாளாவது காய வேண்டும். பின்பக்கம் மண் முட்டிக் கிடக்கும் சுவரில் எந்தப் பெயின்டும் நிற்காது. ஈரம் உள்ளிருந்து தள்ளி, முதல் மழைக்காலத்துக்குப் பிறகு கொப்புளம் விடும். உள்ளங்கையைச் சுவரில் வைத்துப் பாருங்கள். தரையிலிருந்து முழங்கால் உயரம்வரை சில்லென்று இருந்தால் அந்த உயரத்துக்கு ஓவியம் வேண்டாம், ஓட்டுத்துண்டு மொசைக் பதியுங்கள்.

7. அஸ்திவாரம்

எடையிலிருந்து தொடங்குங்கள். கருங்கல் கன மீட்டருக்கு ஏறக்குறைய 2.7 டன். ஒன்றரை மீட்டர் உயரம், 60-க்கு 60 செ.மீ. அகலம் உள்ள கல் 0.54 கன மீட்டர், கிட்டத்தட்ட ஒன்றரை டன். பார்க்கப் பயமாக இருந்தாலும், 1.2 மீட்டர் சதுர அடித்தளத்தில் பீடம், காங்கிரீட் எல்லாம் சேர்ந்த சுமையைப் பரப்பினால் சதுர மீட்டருக்கு இரண்டு, இரண்டரை டன்தான் வரும். நல்ல மண் இதைச் சும்மா தாங்கும்.

பிறகு ஏன் சாய்கிறது? பல பேட்டைப் பூங்காக்கள் கட்டட இடிபாட்டைக் கொட்டி மேடாக்கிய நிலத்தில் இருக்கின்றன. மேலே அரையடி செம்மண், கீழே செங்கல் துண்டும் பிளாஸ்டிக்கும். மழைக்கு அது ஒரு பக்கமாக அமுங்கும். குழி தோண்டும்போது இயல்பான மண் தெரியும்வரை போக வேண்டும். ஒரு மீட்டர் என்று வரைபடத்தில் இருந்தாலும் ஒன்றரை மீட்டர் போக நேரலாம். அந்தக் கூடுதல் செலவு யாருடையது என்று முன்பே எழுதுங்கள். களிமண் நிலமானால் கோடையில் சுருங்கி மழையில் உப்பும். அங்கே ஆழத்தைப் பொறியாளர்தான் முடிவு செய்ய வேண்டும்.

அடியில் 10 செ.மீ. சாதாரண காங்கிரீட், அதன் மேல் கம்பி கட்டிய எம்20 தரக் காங்கிரீட், குறைந்தது ஏழு நாள் தண்ணீர் விடுதல், சுமை ஏற்றும் முன் இரண்டு வாரம் என்று வைத்துக்கொள்ளுங்கள். திறப்பு விழாத் தேதி குறித்துவிட்டு மூன்றாம் நாளே கல்லை ஏற்றும் அவசரத்துக்கு இடம் கொடுக்காதீர்கள்.

கல்லையும் பீடத்தையும் இணைக்கும் கம்பி கட்டாயம் துருப்பிடிக்காத எஃகாக இருக்க வேண்டும். கல்லுக்குள் 15 செ.மீ. துளையிட்டு, 16 அல்லது 20 மி.மீ. கம்பியை எப்பாக்ஸி பசை போட்டு நடுவார்கள். அந்த இடத்தில் சாதா இரும்புக் கம்பியை மேஸ்திரி மாட்டிவிட்டால் வெளியே எதுவும் தெரியாது. இரும்பு துருப்பிடிக்கும்போது பருக்கும். சில வருடம் கழித்து, யாரும் தொடாமலே கல் அடியில் விரிசல் விடும். நடும் நாளில் கம்பியின் மேல் ஒரு காந்தத்தை வையுங்கள்: சாதா இரும்பு விறைப்பாக ஒட்டும், 304-ம் 316-ம் அநேகமாக ஒட்டாது. பில்லையும் கேட்டு வாங்குங்கள்.

உயரமான தகட்டு வடிவங்களுக்கு எடையைவிடக் காற்றுதான் பகை. சென்னைக்கு இந்திய தர நிர்ணயம் ஐ.எஸ். 875 வைத்திருக்கும் அடிப்படைக் காற்று வேகம் நொடிக்கு 50 மீட்டர். ஒரு சதுர மீட்டர் தகட்டின் மேல் அது ஏறக்குறைய 150 கிலோ தள்ளுவிசை. இரண்டு சதுர மீட்டர் தகடு, இரண்டு மீட்டர் உயரத்தில் என்றால் அடித்தளத்தைப் பெயர்க்கும் நெம்புவிசை எவ்வளவு என்று பொறியாளர் கணக்குப் போட்டுக் கையெழுத்திட வேண்டும். 2016 வர்தா புயலைப் பார்த்த ஊரில் அவர் கணக்கை யாரும் அதிகப்படி என்று சொல்ல மாட்டார்கள்.

கடைசியாக ஒரு சின்ன விஷயம். பீடத்தைச் சுற்றி 30 செ.மீ. அகலத்துக்குப் புல் இல்லாமல் ஜல்லி பரப்புங்கள். புல் பீடத்தை ஒட்டி வளர்ந்தால், வெட்டும் இயந்திரத்தின் நைலான் நூல் வாரா வாரம் அடிப்பகுதியை அறுக்கும். பெயின்ட் அடித்த இரும்பில் துரு தொடங்குவது பெரும்பாலும் அங்கேதான்.

8. அனுமதி: இரண்டு கட்டமாகக் கேளுங்கள்

முதல் கட்டம், இடம் குறித்தவுடனே: 'இன்ன பூங்காவில் இன்ன இடங்களில் எங்கள் செலவில் கலைப்படைப்புகள் வைக்கக் கொள்கை அளவில் ஒப்புதல் வேண்டும்' என்று ஆணையருக்கு முகவரியிட்டு மண்டல அலுவலகத்தில் மனு. இணைப்புகள்:

- சங்கப் பதிவுச் சான்று, நடப்பு ஆண்டு வரை புதுப்பித்த விவரம்
- செயற்குழுத் தீர்மான நகல், கையெழுத்திட அதிகாரம் பெற்றவர் பெயருடன்
- இடங்களின் படமும் அளவு குறித்த வரைபடமும்
- பணம் வரும் வழி, உத்தேசத் தொகை
- வார்டு கவுன்சிலரின் பரிந்துரைக் கடிதம்

இரண்டு நகல் கொண்டுபோய், ஒன்றில் தேதியுடன் முத்திரை வாங்கிக்கொள்ளுங்கள். ஒரு வாரம் கழித்துக் கோப்பு எண்ணைக் கேட்டு எழுதிவையுங்கள். "என் மனு என்ன ஆச்சு" என்று கேட்டால் பதில் வராது, எண்ணைச் சொன்னால் வரும்.

இரண்டாம் கட்டம், மாதிரி முடிவான பிறகு: மாதிரியின் நாலு பக்கப் படம், அஸ்திவார வரைபடம், கட்டமைப்புப் பொறியாளரின் உறுதிச் சான்று, பராமரிப்பு யார் பொறுப்பு என்ற உறுதிமொழி, விவரப் பலகையில் வரப்போகும் வாசகம். நன்கொடையாளர் பெயர் எந்த அளவு எழுத்தில் வரும் என்பதை இங்கேயே முடித்துவிடுங்கள். பெயர் பெரிதானால் அது விளம்பரப் பலகையாகிவிடும், அதற்கு விதிகள் வேறு.

முதல் ஒப்புதல் கைக்கு வரும் முன் எந்தக் கலைஞருக்கும் முன்பணம் கொடுக்காதீர்கள்.

9. கலைஞரோடு ஒப்பந்தம்

முத்திரைத்தாளில், தமிழில், இரு தரப்பும் புரிந்து கையெழுத்துப் போடும்படி. பணத்தை ஐந்தாகப் பிரியுங்கள்: கையெழுத்தின்போது 20 சதவீதம், கல்லைத் தோராயமான உருவத்துக்குச் செதுக்கியதும் அல்லது முழு அளவுக் களிமண் உருவம் முடிந்ததும் 20, பட்டறையில் வேலை முடிந்ததும் 30, நிறுவியதும் 20, ஒரு மழைக்காலம் தாண்டியதும் 10. இரண்டாவது, மூன்றாவது தவணைக்கு முன் பட்டறைக்கு நேரில் போய்ப் பார்க்க வேண்டும். வாட்ஸ்அப் படத்தில் விரிசல் தெரியாது.

பதிப்புரிமையை யாரும் பேசுவதில்லை, பிறகு அதில்தான் மனஸ்தாபம். 1957-ஆம் ஆண்டு பதிப்புரிமைச் சட்டப்படி, காசு கொடுத்துச் செய்யச் சொன்னாலும் சிற்பத்தின் பதிப்புரிமை, வேறு ஒப்பந்தம் இல்லாவிட்டால், சிற்பியிடமே இருக்கும். உங்களுக்குச் சொந்தமாவது அந்தக் கல் மட்டும். சங்கத்தின் நாட்காட்டியில் அச்சடிக்க, சின்ன நினைவுப்பொருளாக வார்க்க உரிமை வேண்டுமானால் எழுத்தில் வாங்குங்கள். காலம் குறிப்பிடாமல் எழுதினால் ஐந்து வருடம் என்றே சட்டம் எடுத்துக்கொள்ளும்.

படைப்பைச் சிதைப்பதை எதிர்க்கும் உரிமையும் 57-ஆம் பிரிவின்படி கலைஞருக்கு உண்டு. டெல்லி விஞ்ஞான் பவனில் அமர்நாத் சேகல் செய்த வெண்கலச் சுவர்ச்சிற்பத்தை 1979-இல் கழற்றிக் கிடங்கில் போட்டார்கள். அவர் வழக்குப் போட, 2005-இல் டெல்லி உயர் நீதிமன்றம் சிற்பத்தை அவரிடமே திருப்பித் தரவும் 5 லட்சம் ரூபாய் இழப்பீடு தரவும் உத்தரவிட்டது. மெட்ரோவுக்காகவோ மழைநீர் வடிகாலுக்காகவோ உங்கள் பூங்காவிலும் ஒருநாள் தோண்டுவார்கள். அப்போது கலைஞருக்கு எத்தனை நாள் முன்பு எழுத்தில் தெரிவிப்பது, மாற்றும் செலவு யாருடையது, வேறு இடம் இல்லாவிட்டால் அவரே எடுத்துக்கொள்ளலாமா? மூன்றுக்கும் பதில் ஒப்பந்தத்தில் இருக்கட்டும். மாநகராட்சிக்காரர்கள் பாசிப்பச்சைப் பெயின்ட் அடித்துவிடாமல் இருக்க, இந்தப் பிரிவின் நகல் ஒன்றை மண்டல அலுவலகக் கோப்பிலும் சேருங்கள்.

10. காலம்

வடகிழக்குப் பருவமழையை மையமாக வைத்துப் பின்னோக்கி எண்ணுங்கள். அக்டோபர் முதல் டிசம்பர் வரை குழி தோண்ட முடியாது, ஆனால் இடம் பார்க்க அதுதான் காலம். முதல் மனு டிசம்பரில், கலைஞர் தேர்வு பிப்ரவரியில், இரண்டாம் ஒப்புதலும் ஒப்பந்தமும் ஏப்ரலுக்குள், பட்டறை வேலை ஆகஸ்ட் வரை, அஸ்திவாரம் ஜூலையில், நிறுவுதல் செப்டம்பர் பாதிக்குள். மார்ச் மாதம் அலுவலகங்களில் கணக்கு முடிக்கும் காலம், புதுக் கோப்பு நகராது. தேர்தல் அறிவித்துவிட்டால் நடத்தை விதி முடியும்வரை புது ஒப்புதல் எதையும் எதிர்பார்க்க வேண்டாம். அந்த வருடத்துக்கு இரண்டு, மூன்று மாதம் சேர்த்துக்கொள்ளுங்கள்.

11. நிறுவும் நாள்

பூங்கா வாசலை அளந்தீர்களா? ஹைட்ரா கிரேன் நுழைய ஏறக்குறைய மூன்று மீட்டர் வழி வேண்டும். பல பூங்காக்களின் வாசலில் ஓர் ஆள் நுழையும் சுழல் கேட்தான் இருக்கும். சுவருக்கு வெளியே கிரேனை நிறுத்தித் தூக்கி இறக்கலாம் என்றால் மேலே மின்கம்பி போகிறதா என்று பாருங்கள். போனால் மின்வாரியத்தில் எழுதிக் கொடுத்து அந்த நேரத்துக்கு மின்சாரத்தை நிறுத்த வேண்டும். ஒரு டன்னுக்கு உள்பட்டது என்றால் முக்காலியும் செயின் பிளாக்கும் (சங்கிலிக் கப்பி) போதும், கல் வேலைக்காரர்களுக்கு அது கைவந்த கலை. வண்டி உள்ளே வரும் பாதையில் இரும்புத் தகடோ தடிப் பலகையோ பரப்பாவிட்டால் பேவர் பிளாக் அமுங்கி, அடியில் தெளிப்பான் குழாய் உடையும்.

காலை நடைக்கூட்டம் கலைந்த பத்து மணிக்குத் தொடங்கி, மாலை நாலுக்குள் முடியுங்கள். இரண்டு நாள் முன்பே வாசலில் அறிவிப்பு ஒட்டுங்கள். தொழிலாளர்களுக்கு அந்த நாளுக்காவது விபத்துக் காப்பீடு இருக்க வேண்டும்.

12. அதன் பிறகு

விவரப் பலகை எழுத்துச் செதுக்கிய எஃகுத் தகடாக இருக்கட்டும். ஒட்டும் ஸ்டிக்கர் ஒரு கோடைக்கு மேல் தாங்காது. படைப்பின் பெயர், கலைஞர் பெயர், ஆண்டு, பொருள், பழுது கண்டால் அழைக்க வேண்டிய எண், இவை போதும்.

வருடத்துக்கு இரண்டு முறை, மழைக்கு முன்னும் பின்னும், ஒரு பக்கப் பட்டியலோடு சுற்றி வாருங்கள்: வடிகால் துளை அடைத்திருக்கிறதா, பீடத்தில் புதிய விரிசல் உண்டா, ஆட்டிப் பார்த்தால் அசைகிறதா, பெயின்ட் எங்கே செதில்விடுகிறது. கல்லைக் கழுவத் தண்ணீரும் தேங்காய்நார்த் துடைப்பமும் போதும். கழிவறைக்கு ஊற்றும் ஆசிட்டைத் துப்புரவுப் பணியாளர் நல்லெண்ணத்தில் ஊற்றிவிடுவார், பளபளப்பு அன்றோடு போகும். அவரிடம் நேரில் சொல்லி வையுங்கள். சிற்பத்தின் மேல் எழுதப்பட்ட பெயர்களையும் ஒட்டப்பட்ட நோட்டீசையும் அதே வாரத்தில் எடுத்துவிட வேண்டும், ஒன்றை விட்டுவைத்தால் பத்து வரும்.

சங்க நிர்வாகிகள் மாறும்போது கோப்பும் கைமாற வேண்டும்: இரண்டு ஒப்புதல் கடிதங்கள், ஒப்பந்தம், பொறியாளர் சான்று, அஸ்திவாரப் படங்கள், எப்பாக்ஸி, பெயின்ட் வாங்கிய பில்கள், பராமரிப்பு வைப்பின் ரசீது. பெயின்டின் நிற எண்ணை மறக்காமல் எழுதி வையுங்கள்.

கலைஞரின் கடைசி 10 சதவீதத்தை ஜனவரியில், பொங்கலுக்கு முன் கொடுத்துவிடுங்கள். அவர் கேட்கும்வரை காத்திருக்க வேண்டாம்.